வாலில் ஒரு சிவப்புத் துணி

கோச்சபாம்பா,
மார்ச் 11, 1991

அன்புள்ள ஓர்மாந்தோ,

உங்கள் ஊர்த் தெருக்களில் படகு ஓடும் படத்தை இங்கே பத்திரிகையில் போட்டிருந்தார்கள். எல்பிடியா பார்த்துவிட்டு, "உங்க சிநேகிதர் வீடு மூழ்கியிருக்கப் போகுது, விசாரிங்களேன்" என்றாள். "அவன் மூழ்குற ஆள் இல்ல. மூழ்கினாலும் கடிதம் போடுற ஆள் இல்ல" என்றேன். அந்தப் பேச்சைப் பொய்யாக்குவதற்காகவாவது நாலு வரி எழுது. நெல்வா எப்படி இருக்கிறாள்? யோவானாவின் நர்சிங் பரீட்சை என்ன ஆயிற்று?

இப்போது காரியம். ஆகஸ்டில் எங்கள் மாதிரி விமானச் சங்கத்தின் கண்காட்சி. இந்த முறை ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: பொலிவிய வானத்தில் பறந்த விமானமாக இருக்க வேண்டும். போன வருஷம் என் போர் விமானம் மூன்றாவது இடம். முதல் இடம் மருந்துக்கடை ரிவேரோவுக்கு. அவன் ஒட்டின இணைப்பில் முடி நுழையும், அவ்வளவு இடைவெளி. ஆனால் நடுவர் அவனுடைய மச்சான். நான் எதுவும் சொல்லவில்லை.

இந்த வருஷம் சொல்லப்போகிறேன், வேறு விதமாக. லா பாஸுக்கு மாட்டுக்கறி சுமந்த உங்கள் எல் பால்மார் கம்பெனியின் இறைச்சி விமானத்தைச் செய்கிறேன்! நீங்களெல்லாம் குண்டம்மா என்று கூப்பிட்டீர்களே, அதைத்தான். மைத்துனி மயாமியிலிருந்து அதன் பாகங்கள் அடங்கிய பெட்டி கொண்டுவந்தாள். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. இறக்கை முனைக்கு இறக்கை முனை என் முழங்கை நீளம். உடலின் இரண்டு பாதியையும் ஒட்டி, இடுக்கில் பூச்சு அடைத்து, ஈர உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். பல்லில் ஓட்டை அடைக்கும் கை அல்லவா, இணைப்பு எங்கே என்று நீயே கண்டுபிடிக்க மாட்டாய். நோயாளிகள்தான், "டாக்டர், என்ன இது, பெயின்ட் கடை வாசம்?" என்கிறார்கள்.

எனக்கு நிறம் வேண்டும். வாலில் ஓடும் பச்சைப் பட்டை எந்தப் பச்சை? எஞ்சினுக்குப் பின்னால் எண்ணெய்க் கறை எவ்வளவு தூரம்? முக்கியமாக, சரக்குக் கதவுக்குக் கீழே மாட்டு ரத்தம் வழிந்த கறை இருக்குமே, அது பழுப்பா, கறுப்பா? ரிவேரோவுக்கு அப்படி ஒரு கறை கனவிலும் வராது.

அந்த விமானம்தான் விழுந்தது, எர்லான் அதில்தான் போனார், நெல்வா விதவையானாள் என்பதை மறக்கவில்லை. அதனால்தான் நெல்வாவிடம் கேட்காதே, உன் நினைவிலிருந்தே எழுது என்கிறேன். பதினொரு வருஷம் நீ கையால் தொட்ட விமானம். அட்டையில் விமானியின் பெயருக்குக் கீழே மெக்கானிக் என்று உன் பெயரையும் போடுவேன்.

உன்,
லிசாந்த்ரோ


திரினிதாத், பேனி,
மார்ச் 29, 1991

அன்புள்ள லிசாந்த்ரோ,

தண்ணீர் இரண்டாவது படிவரை வந்து, பார்த்துவிட்டுப் போய்விட்டது. கோழிகள் மூன்று போயின. நெல்வா நலம். யோவானா தேறிவிட்டாள், சாந்தா குரூஸ் விடுதியில் இருக்கிறாள். எல்பிடியாவுக்கு நெல்வா உப்புக்கண்டம் கட்டி அனுப்பியிருக்கிறாள். ஈரம் படாமல் வை.

விமான விஷயம். எங்களிடம் நாலு விமானம் இருந்தது. ஏன் அதுவே வேண்டும்? நீல விமானம் அதைவிட அழகு. அதன் படம் மூன்று என்னிடம் இருந்தது, இதோடு வைத்திருக்கிறேன். பட்டை அளவு, எழுத்தின் உயரம் எல்லாம் பின்பக்கம் குறித்திருக்கிறேன். அதைச் செய்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இந்த யோசனை உனக்கே வந்ததா, யாராவது சொன்னார்களா? உங்கள் சங்கத்தில் யார் யார் இருக்கிறார்கள்? எங்கள் பேனிப் பக்கத்து ஆள் யாராவது உண்டா? எர்லானின் ரோகா குடும்பத்தில் யாராவது உனக்குப் பழக்கமா? எர்லானின் தம்பி ஒருவன் உங்கள் ஊரில் லாரி ஓட்டுகிறான் என்று கேள்வி. சும்மாதான் கேட்கிறேன்.

அட்டையில் என் பெயர் வேண்டாம். நான் இப்போது மோட்டார் சைக்கிளும் படகு எஞ்சினும் பார்க்கிற ஆள். பழையதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?

ஓர்மாந்தோ


கோச்சபாம்பா,
ஏப்ரல் 20, 1991

அன்புள்ள ஓர்மாந்தோ,

உப்புக்கண்டம் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. நெல்வாவின் கைக்கு எல்பிடியா முத்தம் அனுப்புகிறாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். சங்கத்தில் யார் யார் என்று கேட்கிறாயே, நாங்கள் என்ன ஆட்சியைக் கவிழ்க்கவா கூடுகிறோம்? ஒரு பல் வைத்தியன், ஒரு மருந்துக்கடைக்காரன், இரண்டு வாத்தியார்கள், ஓய்வுபெற்ற விமானி சாவேத்ரா. அவ்வளவுதான். லாரி ஓட்டும் ரோகா யாரையும் நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவர் வந்தாலும் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைத்தான் பார்ப்பேன்.

நீல விமானம் அழகுதான். ஆனால் கேள், எனக்கு அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது. போன மாதம் ஒரு பெரியவர் கீழ்ப் பல்செட்டுக்கு வந்தார். தோன் அமான்சியோ. இருபது வருஷம் உங்கள் ஊர் விமான நிலைய வேலிக்கு வெளியே நின்று வாழ்த்து அட்டைக்குப் படம் எடுத்தவராம்! பல் அச்சு எடுத்துக்கொண்டே, "இறைச்சி விமானம் ஏதாவது எடுத்திருக்கீங்களா?" என்றேன். வாயில் பசையோடு தலையை ஆட்டினார். மறுநாள் ஒரு செருப்புப் பெட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

அதில் குண்டம்மாவின் கலர்ப் படம் ஒன்று இருக்கிறது. பக்கவாட்டில், அவ்வளவு துல்லியம். ரத்தக் கறை எண்ணெய் மாதிரி கறுப்பு, ஓரம் மட்டும் செம்பழுப்பு. இனி உன்னிடம் நிறம் கேட்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு குழப்பம். வாலின் கிடைப் பலகையில், வலது பக்கம், ஒரு மரத்துண்டு மாட்டியிருக்கிறது. அதிலிருந்து சிவப்புத் துணி தொங்குகிறது. விமானம் நிற்கும்போது காற்று அடித்து வால் பலகை அசையாமல் இருக்க மாட்டும் கவ்விதானே அது? ஆனால் அதே படத்தில் இரண்டு விசிறிகளும் சுற்றுகின்றன, தகடுகளே தெரியவில்லை, வெறும் புகை வட்டம். கீழே சக்கரம் புழுதி கிளப்புகிறது. நான் எதைச் செய்வது? விசிறி சுற்றுவதாகக் காட்ட வேண்டுமென்றால் கண்ணாடித் தாளில் வட்டம் வெட்டி வைக்க வேண்டும். கவ்வியைக் காட்டினால் விசிறி நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்தால் ரிவேரோ, "ஏன்யா டாக்டர், பூட்டைத் திறக்காமலே வண்டிய ஓட்டுறீரா?" என்று மானத்தை வாங்கிவிடுவான். நீ சொல், எது சரி?

உன்,
லிசாந்த்ரோ


திரினிதாத்,
மே 6, 1991

லிசாந்த்ரோ,

அந்தப் படத்தை எனக்கு அனுப்பு. பிரதி வேண்டாம், அதையே அனுப்பு. அமான்சியோவிடம் நெகடிவ் இருக்கிறதா என்று கேட்டு அதையும் வாங்கு. வேறு யாரிடமும் காட்டாதே. உங்கள் சாவேத்ராவிடம் காட்டிவிட்டாயா?

அது எஞ்சின் சோதனை போட்ட நாள். சோதனையின்போது கவ்வியைக் கழற்றமாட்டோம். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. வேறு வருஷத்துப் படம், எழுபத்திரண்டாக இருக்கும்.

அந்தக் கிழவன் எதற்காக இத்தனை வருஷம் கழித்து உன்னிடம் வருகிறான்? கோச்சபாம்பாவில் வேறு பல் வைத்தியனே இல்லையா? யார் அனுப்பினார்கள் என்று கேட்டாயா?

நெல்வா கைக்குப் போகாதபடி, இனி பட்டறை முகவரிக்கு எழுது.

ஓர்மாந்தோ


கோச்சபாம்பா,
மே 28, 1991

ஓர்மாந்தோ,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு நாலாவதாக இதை எழுதுகிறேன்.

என்னிடம் வரும் சிலர் நான் தொடுவதற்கு முன்பே, "அந்தப் பல்லுல ஒண்ணுமில்ல டாக்டர், அது நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். நான் முதலில் தட்டிப் பார்ப்பது அந்தப் பல்லைத்தான். உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்த ஞாபகம் வந்தது. வரக்கூடாது என்று இரண்டு வாரம் என்னோடு சண்டை போட்டேன்.

படத்தின் பின்னால் பென்சிலில் தேதி இருக்கிறது. 14 நவம்பர் 1975, காலை. அந்த நாள் என்ன நாள் என்று நமக்குத் தெரியும். தேதி தவறாக இருக்குமோ என்று அமான்சியோவைக் கேட்டேன். "அன்னிக்கு நான் எடுத்தது அந்த ஒரு படம்தாங்க. கிளம்பின கொஞ்ச நேரத்துல புகை. அப்புறம் யாருக்குப் படம் எடுக்கத் தோணும்? கழுவி எடுத்துப் பெட்டியில போட்டேன், திரும்பிப் பாக்கல" என்றார். அவரை யாரும் அனுப்பவில்லை. அவர் என் கிளினிக்குக்கு எதிர் வீட்டில் மகளோடு இருக்கிறார், அதுதான் காரணம்.

ஆமாம், சாவேத்ராவிடம் காட்டினேன். உன் கடிதம் வருவதற்கு முன்னால், விசிறியைப் பற்றிக் கேட்பதற்காக. பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இது சோதனை இல்ல டாக்டர். ஓடுபாதைக்குப் போயிட்டிருக்கான். இது மாட்டியிருந்தா மூக்கு எழும்பாது. யாரு இதைக் கழட்ட வேண்டியது?" நான் தெரியாது என்றேன். பொய் சொன்னேன், உனக்காக.

எர்லான் குடித்துவிட்டு ஓட்டினார் என்றுதானே விசாரணையில் முடிவானது? நெல்வாவும் அப்படித்தானே நம்புகிறாள்? யோவானா அப்பாவின் படத்தைக்கூட வைத்துக்கொள்ளமாட்டேன் என்கிறாள் என்று நீயே ஒருமுறை எழுதினாய்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனசு நிற்கவில்லை. உன் பழைய கடிதங்களை அலமாரியிலிருந்து எடுத்தேன். 1974இல் நீ எனக்கு ஏழு கடிதம் எழுதியிருக்கிறாய். ஐந்தில் நெல்வா வருகிறாள். நெல்வா கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள், நெல்வாவின் தையல் மெஷினைச் சரிசெய்தேன், எர்லான் மாதிரி ஆளுக்கு இப்படி ஒரு பெண்டாட்டி. அப்போது சிரித்துக்கொண்டே படித்த வரிகள். விமானம் விழுந்து பதினான்கு மாதத்தில் நெல்வாவோடு உன் கல்யாணம். என் அண்ணன் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் மாப்பிள்ளையாக நின்றாய். நீ ஆடவே இல்லை. "என்னடா, மாப்பிள்ளை உக்காந்தே இருக்க?" என்றேன். "எர்லான் வீட்ல, எர்லான் நாற்காலில உக்காந்திருக்கேன்டா" என்றாய். துக்கம் என்று நினைத்துத் தோளைத் தட்டினேன். இப்போது அந்த வார்த்தையை எந்தப் பக்கம் திருப்பினாலும் வேறு மாதிரி தெரிகிறது.

கேட்காமல் இருந்தால் காலமெல்லாம் உன்னைப் பற்றி இதையே நினைத்துக்கொண்டிருப்பேன். அதனால் கேட்கிறேன். கவ்வியை மறந்துவிட்டாயா, தெரிந்தே விட்டுவிட்டாயா?

படம் என்னிடமே இருக்கும்.

லிசாந்த்ரோ


கோச்சபாம்பா,
ஜூலை 9, 1991

ஓர்மாந்தோ,

ஆறு வாரம் ஆகிறது. கடிதம் கிடைத்ததா? பட்டறை முகவரிக்குத்தான் போட்டேன்.

நான் கேட்டது அதிகம். அது தெரியாமல் இல்லை. உன்னை எதிரில் உட்காரவைத்திருந்தால் அந்தக் கடைசிக் கேள்வி என் வாயில் வந்திருக்காது. பேனா கையில் இருந்ததால் வந்துவிட்டது. எல்பிடியாவிடம் சொன்னேன். "முப்பது வருஷப் பழக்கத்துல ஒருத்தர் முகம் தெரியாதா உங்களுக்கு?" என்றாள். "முகம் தெரியும். திரினிதாத்துல என்ன நடந்துச்சுன்னு தெரியாது" என்றேன். அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

விமானம் அப்படியே நிற்கிறது. அடிப்பூச்சு அடித்ததோடு சரி. உட்கார்ந்தால் கை அதற்குப் போகமாட்டேன் என்கிறது.

"நீ நினைக்கிற மாதிரி இல்லைடா" என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

உன்,
லிசாந்த்ரோ


திரினிதாத்,
ஜூலை 27, 1991

லிசாந்த்ரோ,

ஒரு வரி கேட்டாய். ஒரு வரியில் முடியாது.

அன்று காலை பதினெட்டு மாடு. அறுத்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எர்லான் ஜன்னலிலிருந்து, "டேய் ஓர்மாந்தோ, கறி நாறுறதுக்குள்ள என்னைக் கிளப்பிவிடுறா! லா பாஸ்காரன் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு திட்டுவான்" என்று கத்தினார். வாலில் இரண்டு கவ்வி. இடதைக் கழற்றினேன். வலதுக்குப் போகும்போது சுமை ஆட்கள் கதவு சாத்தவில்லை என்று கூப்பிட்டார்கள். ஒரு தொடை எலும்பு கதவில் மாட்டியிருந்தது. அதை உதைத்து உள்ளே தள்ளி, கதவைப் பூட்டித் திரும்பியபோது இரண்டு எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் என்னைப் பார்த்தார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். எல்லாம் சரி, போ.

விமானியும் கிளம்புவதற்கு முன் வாலை இயக்கும் பிடியை அசைத்துப் பார்க்க வேண்டும். எர்லான் எப்போதும் பார்ப்பார். அன்று பார்க்கவில்லை. பல வருஷம் இதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைத் தூங்கவைத்தேன். ஓடுபாதை முடியும்வரை மூக்கு எழவில்லை. மரங்களுக்குள் போய்விட்டது. அவரும் துணை விமானி லூச்சோவும். தீயில் கவ்வி மிச்சமில்லை. கழற்றிய இடது கவ்வி என் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இதோடு நின்றிருந்தால் மறதி. நிற்கவில்லை. விசாரணைக்கு வந்த மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்து, "விமானி குடிச்சிருந்தாரா?" என்று கேட்டார்கள். வேறு எதையும் கேட்பதற்கு முன்னால், "பக்கத்துல போனப்ப வாசனை வந்த மாதிரி இருந்துச்சுங்க" என்றேன். எழுதிக்கொண்டார்கள். என்னை அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நெல்வாவை எனக்கு முன்பே பிடிக்கும். ஐந்து கடிதம் என்று எண்ணியிருக்கிறாய், சரியாகத்தான் எண்ணியிருக்கிறாய். அவள் வீட்டுக்கு முதலில் விறகும் அரிசியும் கொண்டுபோனது குற்ற உணர்வுக்காகவா, ஆசைக்காகவா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கவ்வியை நான் விட்டுவிடவில்லை, லிசாந்த்ரோ. மறந்தேன். இதை உன்னிடம் சத்தியம் செய்து சொல்ல முடியாது. அந்த மேஜைக்கு முன்னால் பொய் சொன்னவனின் சத்தியத்துக்கு என்ன பெறுமானம்?

உன் மே மாதக் கடிதத்தை ஐந்து வாரம் சட்டைப் பையில் வைத்துச் சுற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெல்வா மரவள்ளி நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வைத்தேன். கை துடைத்துவிட்டு நின்றபடியே படித்தாள். இரண்டு முறை படித்தாள். ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னிக்கு அவன் குடிச்சிருந்தானா?"

"இல்ல."

"ஒரு வாய்கூட?"

"காபி மட்டும்தான். என் குவளையில."

உட்கார்ந்துவிட்டாள். விபத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவளுக்கும் எர்லானுக்கும் ஏதோ சண்டையாம். அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாளாம். "நான் அடைச்ச கதவுக்குத்தான் அவன் குடிச்சான்னு நினைச்சிட்டிருந்தேன். இத்தனை வருஷமும்." இதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து மரவள்ளியை அடுப்பில் ஏற்றினாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். வியாழக்கிழமை மகளிடம் போய்விட்டாள். திட்டவில்லை, அழவில்லை. நீ கேட்ட கேள்வியை அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

போன வாரம் விமானப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அம்மாள், "அந்தக் கோப்பைக் கரையான் அரிச்சுடுச்சு, இப்ப எதுக்குங்க இது?" என்றாள். முத்திரை குத்தித் தரும்வரை நகரவில்லை. ஒரு பிரதியை யோவானாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

படத்தையும் அவர்களுக்கே அனுப்பு. முகவரி: நெல்வா பராதா, செவிலியர் விடுதி, அறை எண் 12, சாந்தா குரூஸ்.

நீ கேட்டது தப்பில்லை. ஒரு மனிதன் இப்படி மறைத்துக்கொண்டு எழுதினால், படிக்கிறவன் அப்படித்தான் நினைப்பான். ஆனால் நீ பழைய கடிதங்களை எடுத்து எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவை உனக்கென்று எழுதியவை. இதை எழுதும்போதுகூட, இந்த வரியை நீ பிறகு எப்படிப் படிப்பாய் என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இனி எப்படி எழுதினாலும் அப்படித்தான் வரும்.

எழுத வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எழுதினால் பிரிப்பேனா என்று தெரியவில்லை.

ஓர்மாந்தோ மெல்கார் ஹுஸ்தினியானோ